மூச்சு எடுக்கும் இடம்

மட்டாஞ்சேரி
9 ஜூலை 1976

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு அக்காவின் ஆசிகள்.

நீ போய்ச் சேர்ந்ததாகப் போட்ட கார்டு கிடைத்தது. "சேர்ந்தேன். கஞ்சி. வெங்கிட்டு." மூன்றே வார்த்தை. தந்தி அடிக்கிறவன்கூட இதைவிடத் தாராளமாக இருப்பான்.

முதலில் மருந்து விஷயம். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள். ஊசி வலிக்கும், வலிக்கிறது என்று நர்ஸிடம் வம்பு செய்யாதே. சளியைத் தனிக் கோப்பையில்தான் துப்ப வேண்டும். இடது நுரையீரலின் மேல் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லித்தான் உன்னை ரயில் ஏற்றினேன். அது மூடுகிறவரை சானடோரியத்தை விட்டு நகரக் கூடாது. கிளாரினெட்டைக் கொண்டுபோகிறேன் என்று ஸ்டேஷனில் நீ பிடித்த பிடிவாதத்தைப் பார்த்து, சுமை கூலிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். இரண்டு வருஷம் நீ ஊதக் கூடாது. இதில் பேச்சு இல்லை.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. கீழே கிளினிக் எப்போதும்போல நடக்கிறது. மாடியில் சாதக அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். எதிரே கிட்டங்கியில் சுக்கு வந்து இறங்கியிருக்கிறது, தெருவெல்லாம் தூசி. ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாம் இரண்டு பேரும் அந்தக் குட்டி அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இத்தனை வருஷம் எப்படித்தான் ஊதினோமோ தெரியவில்லை.

ஒச்சப்பன் தினமும் கேட்கிறான். கிட்டங்கியில் மூட்டை தூக்கிவிட்டு நம் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பானே, அதே ஒச்சப்பன்தான். நேற்று இருமிக்கொண்டே வந்தான். சுக்குத் தூசி இருமல். மாத்திரை கொடுத்தேன். "தம்பி எப்ப வருவாக டாக்டரம்மா? நீங்க ஒத்தையா ஊதினா ஒரு காலு இல்லாத நாற்காலி கணக்கா இருக்குமே" என்றான். நான் இப்போது ஊதுவதே இல்லை என்று சொன்னேன்.

நன்றாகச் சாப்பிடு. முட்டை கொடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கு, பாவம் ஏதாவது இருந்தால் என் கணக்கில் சேரட்டும்.

கமலாக்ஷி


சானடோரியம், ஆறாம் வார்டு
22 ஜூலை 1976

அக்காவுக்கு நமஸ்காரம். டாக்டருக்கு அல்ல, அக்காவுக்கு மட்டும்.

முட்டை சாப்பிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர் இருக்கிறார். அவரையும் விசில் ஊதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம். நாங்கள் இருவரும் சேர்ந்து 'ஊதக் கூடாதவர்கள் சங்கம்' ஆரம்பித்திருக்கிறோம். நான் தலைவர், அவர் காரியதரிசி. மத்தியான வேளையில் எல்லாரும் தூங்கும்போது நான் ஒரு பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு பேகடா ராகம் வாசிக்கிறேன். விரல் மட்டும்தான். சத்தம் இல்லாத பேகடாவை நீ கேட்டிருக்கிறாயா? அபஸ்வரமே வராது.

ஊசியைப் பற்றி எழுதியிருந்தாய். வலி கிடக்கட்டும். அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து காதில் ஒரு ரீங்காரம். வண்டு சுற்றுகிற மாதிரி, மேல் ஷட்ஜத்துக்கு ஒரு மயிரிழை கீழே. நம் சுருதிக்குச் சேரவும் மாட்டேன் என்கிறது, விலகவும் மாட்டேன் என்கிறது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் வார்டே தள்ளாடுகிறது. இது போய்விடுமா? டாக்டருக்கு எழுதவில்லை என்று சொன்னேன், ஆனால் இந்தக் கேள்வி டாக்டருக்குத்தான்.

இன்னொன்று. இங்கே பெரிய டாக்டர் நல்ல மனுஷர். நான் வித்வான் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சளி சுத்தமானதும், ஏழெட்டு மாதம் கழித்து, மெதுவாக ஊத ஆரம்பிக்கலாம் என்கிறார். நீ இரண்டு வருஷம் என்கிறாய். அவர் ஆயிரம் நுரையீரல் பார்த்தவர். நீ என்ன கணக்கில் சொன்னாய்?

நவராத்திரி வருகிறது. சமூக மடத்தில் சரஸ்வதி பூஜையன்று நாம் வாசிக்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம். இந்த வருஷம் யாரும் வாசிக்கப் போவதில்லை என்று நீயே போய்ச் சொல்லிவிடு. மிருதங்கம் நீலகண்டனிடமும் சொல்லிவிடு, பாவம், அவன் வேறு எங்காவது ஒத்துக்கொள்ளட்டும்.

வெங்கிட்டு


மட்டாஞ்சேரி
6 அக்டோபர் 1976

அன்புள்ள வெங்கிட்டு,

இதை நீலகண்டன் எழுதி உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். சரஸ்வதி பூஜையன்று நான் வாசித்தேன். தனியாக.

மடத்துக்காரர்கள் வந்தார்கள். திருச்சூரிலிருந்து ஒரு புல்லாங்குழல்காரரை வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தபோது, நானே வாசிக்கிறேன் என்று வந்துவிட்டது. பெண்பிள்ளை டாக்டருக்குப் படித்ததே அதிகம், இதில் எச்சில் வாத்தியம் வேறா என்று இதே மடத்து வாசலில் ஒரு காலத்தில் பேசினார்கள். அந்த இடத்தில் நம் இடத்தை இன்னொருவருக்கு விட மனசு வரவில்லை. இதுதான் உண்மை. அழகான காரணம் எதுவும் கைவசம் இல்லை.

நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் சொல்வதை நீ நம்பாதே. சஹானாவில் நீண்ட இழைப்பு வருகிற இடத்தில் எனக்கு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன். அங்கே ஒன்றுமே இல்லை, வெங்கிட்டு. தம்பூராதான் கேட்டது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்கக் கூடாது என்று அப்பா ஸ்கேலால் முழங்காலில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தாரே. நான் விடுகிற இடத்தில் நீ இருப்பாய், நீ விடுகிற இடத்தில் நான் இருப்பேன். கேட்கிறவர்களுக்கு ஒரே ஊதலாகக் கேட்கும். அன்றைக்கு எல்லாருக்கும் நான் மூச்சு எடுப்பது கேட்டது.

காது ரீங்காரம் எப்படி இருக்கிறது? கூடினால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் பெரிய டாக்டரிடம் சொல். அலட்சியம் செய்யாதே. இதை இரண்டு தடவை படி.

இரண்டு வருஷம் என்று நான் சொன்னது சொன்னதுதான்.

கமலாக்ஷி


சானடோரியம்
25 அக்டோபர் 1976

டாக்டர் கமலாக்ஷி அவர்களுக்கு,

கச்சேரி அமோகமாக இருந்தது என்று நீலகண்டனும் எழுதியிருக்கிறான். சந்தோஷம்.

இப்போது எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. ஏழு மாதம் என்றால் அடுத்த நவராத்திரிக்கு நான் வந்துவிடுவேன். இரண்டு வருஷம் என்றால் இரண்டு நவராத்திரி உன்னுடையது. ஊருக்கு மருந்து கொடுக்கிற கை, தம்பிக்கு மட்டும் நாள் கூட்டிக் கொடுத்திருக்கிறது. மடியிலே கனம் இருந்தால்தானே வழியிலே பயம்? அதனால்தான் போன கடிதத்தில் என் காதைப் பற்றி அத்தனை விசாரணை.

எனக்கு இனி எழுத வேண்டாம். என் கிளாரினெட்டுக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய் போடச் சொல்லி நீலகண்டனுக்கு எழுதியிருக்கிறேன். நீ தொட வேண்டாம்.

வெங்கிடாசலம்


மட்டாஞ்சேரி
19 டிசம்பர் 1976
(கார்டு)

வெங்கிட்டு, எழுத வேண்டாம் என்றாய். இந்தக் கார்டுக்குப் பதில் வேண்டாம். பெரிய டாக்டர் எனக்கு எழுதியிருக்கிறார். அவர் எந்த மருந்தை மாற்றினாலும், ஆபரேஷன் என்று சொன்னாலும், மறுக்காதே. அவர் சொல்வதைக் கேள். என்மேல் இருக்கிற கோபத்தை மருந்தின்மேல் காட்டாதே.

க.


சானடோரியம்
11 பிப்ரவரி 1977

அக்கா,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இரண்டு விஷயம் எழுத வைத்துவிட்டது.

எனக்கு மாத்திரை பிடிக்கவே இல்லையாம். பெங்களூருக்குச் சளியை அனுப்பிப் பரிசோதித்ததில் தெரிந்திருக்கிறது. எட்டு மாதமாக அந்த மாத்திரையை நான் விழுங்கியது தண்ணீருக்குத் துணையாகத்தான். ஊசி மட்டும் வேலை செய்திருக்கிறது, அதுவும் அரைகுறை. ஓட்டை மூடவில்லை. நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எடுத்தால் பிழைப்பேன். ஊதுவேனா என்று கேட்டேன். பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். மாத்திரைக்கு அடங்காத கிருமி வானத்திலிருந்து வராதாம். யாரோ ஒருவர் அந்த மாத்திரையை மட்டும் அரைகுறையாகச் சாப்பிட்டு, கிருமிக்கு அதைப் பழக்கப்படுத்தி, பிறகு பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். "உம்ம வீட்டுப் பக்கம் யாராவது ரொம்ப நாளாய் இருமுகிறவர் உண்டா?" என்று கேட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை எனக்கு. மாடிப்படி. தினமும் இருமல். நீ கொடுக்கிற மாத்திரை. ஒச்சப்பன்.

எதிர்க் கிட்டங்கி முதலாளிக்கு அன்றே கடிதம் எழுதிப் போட்டேன். உங்கள் ஆள் ஒருவனுக்கு க்ஷயம் இருக்கிறது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவன், மற்ற தொழிலாளிகள் நன்மைக்காகச் சொல்கிறேன் என்று. நீலகண்டன் போன வாரம் பார்க்க வந்தான். ஒச்சப்பனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டாவது விஷயமும் நீலகண்டன் சொன்னதுதான். "வெங்கிட்டு, உங்க அக்கா கிளினிக்கைப் பூட்டி மாசம் ஒண்ணாச்சுடா. எங்கே போயிருக்காள்னு ஒத்தருக்கும் அறியில்லை. போட் ஜெட்டியிலே கேட்டா, பெட்டியோட போட் ஏறிப் போனாள்னு மட்டும் சொல்றா." பெட்டி என்றால் கிளாரினெட் பெட்டியா? எந்த ஊரில் கச்சேரி? மதராஸா? தம்பிக்கு நுரையீரலை அறுக்கிற சமயத்தில் ஊர் ஊராய்ப் போகிற தைரியம் உனக்கு இருக்கிறதே, அதைப் பாராட்டத்தான் இந்தக் கடிதம்.

வெங்கிட்டு


ஆலுவா
3 மார்ச் 1977

வெங்கிட்டு,

உன் கடிதம் மட்டாஞ்சேரிக்குப் போய், தபால்காரர் மாற்றி அனுப்பி, இங்கே வந்தது. நான் ஆலுவாவில் ஆற்றுப் பக்கம் ஒரு அறையில் தனியாக இருக்கிறேன். பெட்டியில் இருப்பது துணியும் மருந்தும். கிளாரினெட் வீட்டில்தான் இருக்கிறது, உன்னுடையதன் பக்கத்தில்.

ஒச்சப்பனுக்கு டி.பி. கிடையாது. இருந்ததும் இல்லை. நீ போன அடுத்த வாரமே அவனுக்கு எக்ஸ்ரே எடுத்தேன், படம் என்னிடம் இருக்கிறது. நான் அவனுக்குக் கொடுத்தது சாதாரண இருமல் மாத்திரை.

உனக்கு நோய் வந்தது என்னிடமிருந்து.

இதை எழுதிவிட்டுக் காகிதத்தை மூடிவைத்தேன். மறுபடி எடுத்திருக்கிறேன். முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

1975 ஜூன் மாதம் எனக்கு இருமல் ஆரம்பித்தது. சாயங்காலத்தில் ஜுரம். இதே அறிகுறியோடு யாராவது கிளினிக்குக்கு வந்தால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். எனக்கு நானே ஒரு மாதம் சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு இதே ஆலுவாவுக்கு வந்து வேறு பேரில் எக்ஸ்ரே எடுத்தேன். படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. டாக்டருக்கே க்ஷயம் என்றால் மட்டாஞ்சேரியில் யார் படி ஏறுவார்கள் என்று பயந்தேன். அதைவிட, நவராத்திரி வந்துகொண்டிருந்தது.

ஊசியும் மாத்திரையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் கிருமி பழகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? காலேஜில் முதல் பாடமே அதுதான். ஆனால் அந்த ஊசி காதைக் கெடுக்கும் என்பதும் தெரியும். நாலு பேரில் ஒருவருக்குத்தான் கெடுக்கும், எனக்கு அந்த ஒன்று போதும். சஹானாவில் காந்தாரத்தின் அசைவு கேட்காமல் போனால் நான் யார்? அதனால் மாத்திரையை மட்டும் எடுத்தேன். எட்டு மாதம். இருமல் நின்றது, எடை ஏறியது. தப்பித்தேன் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். வேறு எந்த டாக்டரும் இப்படிச் செய்திருக்க மாட்டார், வேறு எந்தக் கிளாரினெட்காரருக்கும் இப்படிச் செய்ய மருந்து கையில் இருந்திருக்காது.

அந்த எட்டு மாதமும் உன்னோடு தினமும் இரண்டு மணி நேரம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஊதினேன். பிறகு உனக்கு வந்தது. நான் போட்டுக்கொள்ள மறுத்த ஊசியை என் கையாலேயே உனக்கு எழுதிக் கொடுத்தேன். காதில் ரீங்காரம் என்று நீ எழுதியபோது நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அதை உனக்கு எழுதாமல், பெரிய டாக்டரிடம் சொல் என்று அதிகாரமாக எழுதினேன்.

இரண்டு வருஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். புத்தகத்தில் இல்லை. நான் கொடுத்த நோய் என்பதால் பயத்தில் கூட்டிச் சொன்னேன். ஆனால் மடத்துக்காரர்களிடம் நானே வாசிக்கிறேன் என்று சொன்ன வாய் யாருடையது? அதனால் உன் சந்தேகம் பூராவும் பொய் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை.

டிசம்பரில் பெரிய டாக்டர், உனக்கு மாத்திரை பிடிக்கவில்லை என்று எழுதினார். அன்றே என் சளியைப் பரிசோதிக்கக் கொடுத்தேன். இன்னும் இருந்தது. ஜனவரியில் கிளினிக்கைப் பூட்டினேன். இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன், கூட வேறு மருந்தும். இந்தத் தடவை முழுவதும் எடுப்பேன்.

கிட்டங்கி முதலாளிக்கு, ஒச்சப்பனுக்கு நோய் இல்லை என்று டாக்டர் என்ற முறையில் இன்றே எழுதுகிறேன். 

கமலாக்ஷி


சானடோரியம்
28 ஏப்ரல் 1977

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து ஐம்பது நாள் ஆகிறது. அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

நவம்பரில் ஆபரேஷன். அதுவரை புது மருந்து.

நீலகண்டன் கிட்டங்கியில் விசாரித்தான். உன் கடிதத்தை முதலாளி படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டுவிட்டாராம். "லேடி டாக்டர் பாவப்பட்டவனை ரட்சிக்கப் பொய் சொல்லுது" என்றாராம். ஒச்சப்பன் இப்போது களமசேரியில் ஒரு கட்டடத்தில் கல் சுமக்கிறான்.

நான் பொய்க் கடிதம் எழுதினேன், அதை உடனே நம்பினார்கள். நீ உண்மைக் கடிதம் எழுதினாய், நம்பவில்லை. ஏனென்றால் அதில் பாதிதான் இருந்தது. நோய் அவனுக்கு இல்லை என்று எழுதினாயே, யாருக்கு இருந்தது என்று எழுதினாயா?

நான் படுக்கையில் இருக்கிறேன். நீ எழுந்து நடக்கிறாய். போய் நேரில் சொல்.

வெங்கிட்டு


மட்டாஞ்சேரி
17 ஜூன் 1977

வெங்கிட்டு,

போன வாரம் மூன்றாவது முறையாகவும் சளி சுத்தம் என்று வந்தது. அதற்கு மறுநாள் காலையில் படகேறி வந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேரே கிட்டங்கிக்குப் போனேன். ஒச்சப்பனை வரச் சொல்லி நீலகண்டனிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

சுக்கு சலித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் முப்பது பேர், சுமைக்காரர்கள் இருபது பேர். முதலாளி நாற்காலி போட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. "ஒச்சப்பனுக்கு நோய் இல்லை. நோய் எனக்குத்தான் இருந்தது. மறைத்தேன். அந்த நோயோடு உங்களைத் தொட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் தம்பிக்கு என்னிடமிருந்துதான் வந்தது" என்று தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

யாரும் ஏசவில்லை. ஒரு பெண் மெதுவாகத் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். முதலாளி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். ஒச்சப்பனை வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அந்தக் கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார்.

ஒச்சப்பன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். "வேலை கெடைக்கிறது இருக்கட்டும் டாக்டரம்மா. நோயிக்காரன்னு சொன்ன அன்னைக்கே எம் பொஞ்சாதி மாயம்மா எனக்குத் தனித் தட்டு வச்சிருச்சு. நாலு மாசமா அதுலதான் திங்கிறேன். வீட்டுக்குள்ள படுக்கிறதில்ல. அதை எந்த மொதலாளி எடுப்பாரு?"

அவனோடு வீட்டுக்குப் போனேன். எக்ஸ்ரே படத்தை வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்து மாயம்மாளுக்குக் காட்டினேன். "வெறும் எலும்புல்ல தெரியுது" என்றாள். அந்த வெறும் எலும்புதான் வேண்டும், பக்கத்தில் வெள்ளையாக ஒன்றும் தெரியக் கூடாது என்று விளக்கினேன். பிறகு என்னுடைய பழைய படத்தைப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை. நான் தெரு முனை திரும்பும்போது, அவள் தகரத் தட்டு ஒன்றைச் சாக்கடைப் பக்கம் எறிகிற சத்தம் கேட்டது.

கிட்டங்கிக்காரர்கள் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்க எர்ணாகுளத்தில் ஏற்பாடு செய்திருக்கிறேன். இதுவரை எடுத்ததில் இரண்டு பேருக்கு நிழல் தெரிகிறது. சலிக்கிற பெண் ஒருத்தி, ஒரு கிழவர். என்னிடமிருந்தா, வேறு எங்கிருந்தா என்று இனிமேல்தான் தெரியும். எங்கிருந்து வந்திருந்தாலும் அவர்கள் மருந்து முடிகிறவரை நான் பார்த்துக்கொள்வேன், அவர்கள் என்னைப் பார்க்கவிட்டால்.

கிளினிக்கைத் திறந்தேன். இன்று யாரும் வரவில்லை.

என் இடது காதிலும் ரீங்காரம் வந்துவிட்டது. நீ எழுதியது சரிதான், மேல் ஷட்ஜத்துக்குச் சற்றுக் கீழே.

கமலாக்ஷி


சானடோரியம்
20 பிப்ரவரி 1978

அக்காவுக்கு,

இடது நுரையீரலின் மேல் பாதி போய்விட்டது. முதுகில் ஆரம்பித்து மார்புப் பக்கம்வரை தையல். கண்டக்டர் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார், அதனால் சங்கத்தில் இப்போது தலைவர் மட்டும்தான். என் சளி நாலு மாதமாகச் சுத்தம். மார்ச் பதினோராம் தேதி சனிக்கிழமை அனுப்புகிறார்கள்.

நீலகண்டன் எல்லாம் எழுதுகிறான். கிளினிக்குக்கு ஆள் வர ஆரம்பித்திருக்கிறதாம், முன்பு போல இல்லாவிட்டாலும். முதலில் வந்தது மாயம்மாள் என்றும், கை விரலில் நகச்சுற்று என்றும் எழுதியிருந்தான். ஒச்சப்பனுக்கு நான் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போட்டேன். அதை மாயம்மாள் யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லி, பிறகு மடித்து அரிசிப் பானையில் வைத்திருக்கிறாளாம். எனக்குப் பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கவும் முடியாது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் நாலு தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் உன்மேல் கோபம் வருகிறது. நாளைக்கும் வரும் என்று நினைக்கிறேன். அதை ஒளித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வர எனக்குத் தெரியாது.

ஆனால் நான் ஒளித்தது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன் எதிரே உட்கார முடியாது.

1975 நவராத்திரி. சஹானா. அனுபல்லவியில் நீ ஒருநாளும் மூச்சு எடுக்காத இடத்தில் எடுத்தாய். நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த சுற்றில் இன்னும் முன்னாலேயே விட்டாய். மறுபடியும் பிடித்தேன். அன்றைக்கு மொத்தம் ஆறு இடம். இருபது வருஷமாக உன் மூச்சுக்கு எதிர் மூச்சு எடுத்து வாழ்கிறவன் நான். அக்காவுக்கு உள்ளே ஏதோ சரியில்லை என்று அந்த மேடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ எக்ஸ்ரே படத்தில் பார்த்ததை நான் காதால் கேட்டேன்.

இறங்கி வந்ததும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் தெரியுமா? மடத்துப் பெரியவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று, "இன்னைக்கு உன் மூச்சுதான் அக்காவைத் தூக்கிண்டு போச்சு, என்ன தம்டா" என்று முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷமாக உன்னைத்தான் சொல்வார்கள். அன்றைக்கு என்னைச் சொன்னார்கள். அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது. கேட்டிருந்தால் நீ ஒருவேளை சொல்லியிருப்பாய், ஒருவேளை ஊசி போட்டுக்கொண்டிருப்பாய், என் நுரையீரல் முழுசாக இருந்திருக்கும். கச்சேரிக்கு ஆசைப்பட்டாய் என்று உனக்கு எத்தனை கடிதம் எழுதினேன், நினைத்துப் பார்.

சரி, இப்போது வேலையைப் பேசுவோம். பெரிய டாக்டர் தினமும் பத்து நிமிஷம் ஊதலாம் என்கிறார். நீ எத்தனை நிமிஷம் சொல்வாய் என்று தெரியாது, உன்னிடம் கேட்பதாகவும் இல்லை. என் கிளாரினெட்டுக்குப் புது ரீட் போட்டு வை. இனிமேல் நீயும் தொடலாம். அறை ஜன்னல் இரண்டையும் திறந்து கொக்கி மாட்டி வை, சுக்குத் தூசி வந்தால் வரட்டும். ஒச்சப்பன் மறுபடியும் மாடிப்படிக்கு வந்தானானால் உள்ளே வந்து உட்காரச் சொல். வராவிட்டால் கூப்பிடாதே.

பழைய இடங்கள் எதுவும் இனி இல்லை, அக்கா. அப்பா ஸ்கேலால் தட்டி வைத்த இடம் எல்லாம் பழைய நுரையீரலுக்கு. என் மூச்சு இனி எங்கே அறுபடும் என்று எனக்கே தெரியாது. அறுபடுகிற இடத்தில் நீ பிடித்துக்கொள்வாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதே. வாசித்து முடித்ததும் கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டு, ஏன் அங்கே விட்டாய் என்று என்னைக் கேள்.

வெங்கிட்டு